வாசகியர் கேள்வி – பதில்: நிறைமாதத்தில் ஊசியும் நூலும்

பழைய வட ஆற்காட்டுப் பகுதியிலிருந்து, கைவேலை செய்யும் கிறிஸ்தவத் தாய்மார்கள் எழுதிய கடிதங்களை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். கைவேலை பற்றிய பதில்கள் எம்பிராய்டரி ஆசிரியை ஒருவருடையவை. உடம்பைப் பற்றியவை பிரசவ வார்டில் வேலை செய்யும் செவிலியருடையவை. எழுதியவர்களின் பெயரைப் போடவில்லை. உங்களைப் பார்க்கும் டாக்டரம்மா இங்கே இருப்பதற்கு மாறாக ஏதாவது சொல்லியிருந்தால் அவர் சொன்னபடியே நடங்கள். உங்கள் சீட்டைப் பார்த்துச் சொல்பவர் அவர்.

*

எனக்கு 33 வாரம் முடிந்திருக்கிறது. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் கிறிஸ்துமஸுக்காக ஆலயத்தின் பலிபீடத்துக்கு கிராஸ் ஸ்டிச் போட்ட விரிப்பு தருகிறேன் என்று நானே முன்வந்து சொல்லிவிட்டேன். டிசைன் 140 கட்டம் அகலம், 98 கட்டம் உயரம், இடைவெளி இல்லாமல் நிரப்ப வேண்டியது. அரை மணி உட்கார்ந்தாலே இடுப்பு விட்டுப் போகிறது. இப்போது பின்வாங்கினால் ஆண்டவருக்குக் கொடுத்த வாக்கை மீறினதாகுமா? — காட்பாடி வாசகி

முதலில் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 140-ஐ 98-ஆல் பெருக்கினால் 13,720 தையல். நன்றாகப் பழகிய கை மணிக்கு 120 தையல் போடும். ஆக 114 மணி நேர வேலை. தினம் ஒன்றரை மணி உட்கார்ந்தாலும் 76 நாள் ஆகும். 36 வாரம் முடிவதற்கு உங்களிடம் இருப்பது 21 நாள். அதற்கு மேல் தேதி போட்ட வேலை எதையும் கையில் வைத்துக்கொள்ள வேண்டாம், 37-லிருந்து குழந்தை எந்த நாளும் வரலாம். 21 நாளில் சுமார் 31 மணி நேரம் கிடைக்கும். அதில் 3,700 தையலுக்கு மேல் ஆகாது. நீங்கள் எவ்வளவு பிரயாசப்பட்டாலும் இந்த டிசைன் முடியாது. டிசைனைத்தான் மாற்ற வேண்டும்.

இப்படி மாற்றலாம். விரிப்பின் முன்பக்கம் தொங்கும் இடத்தின் நடுவே ஒரு பெரிய சிலுவை: 84 கட்டம் உயரம், 56 கட்டம் அகலம், கை 12 கட்டம் தடிமன். இது 1,536 தையல். நான்கு மூலையிலும் சின்னச் சிலுவை: 40 உயரம், 28 அகலம், 6 தடிமன். ஒன்றுக்கு 372, நான்குக்கு 1,488. மொத்தம் 3,024 தையல், 25 மணி நேரம். உடம்பு சரியில்லாத நாட்களுக்கும் இடம் இருக்கிறது. நடுச் சிலுவையை முதலில் முடித்துவிடுங்கள். குழந்தை முந்திக்கொண்டால் அதை மட்டும் வைத்தே விரிப்பைப் போட்டுவிடலாம். மூலையிலிருந்து ஆரம்பித்தால் பாதியில் நின்ற வேலை எதற்கும் உதவாது.

கடையில் கட்டம் கட்டமாக நெய்த மேட்டித் துணி வாங்கும்போது ஸ்கேலை வைத்து அங்குலத்துக்கு எத்தனை கட்டம் என்று எண்ணிப் பாருங்கள். 14 இருந்தால் பெரிய சிலுவை 6 அங்குல உயரம், 4 அங்குல அகலம் வரும். 11 கட்டத் துணியில் அதே சிலுவை ஏழரை அங்குலத்தைத் தாண்டிவிடும், நூலும் மூன்று இழை வேண்டும். 14-க்கு இரண்டு இழை போதும். எம்பிராய்டரி நூல் கண்டு ஒன்று 8 மீட்டர், ஆறு இழை. இரண்டு இழையாகப் பிரித்தால் ஒரு கண்டில் 1,500 தையல் தாராளமாக வரும். மூன்று கண்டை ஒரே நாளில், ஒரே நம்பரில் வாங்கிவிடுங்கள். பிறகு போய் வாங்கினால் சாய வாசி கொஞ்சம் மாறி, வெள்ளைத் துணியில் கோடு போட்டதுபோல் தெரியும். நூலை ஒரு முழத்துக்கு மேல் எடுத்தால் முறுக்கி முடிச்சு விழும். பின்பக்கம் முடிச்சுப் போடாமல் நுனியை நாலைந்து தையலுக்கு அடியில் ஓட்டி வெட்டுங்கள், முடிச்சு இஸ்திரி போட்டதும் முன்பக்கம் புடைக்கும். எல்லாக் கட்டத்திலும் மேல் தையல் ஒரே பக்கம் சாய வேண்டும். ஆலய விளக்கொளியில் மாறிச் சாய்ந்த தையல் தனியாக மின்னும். கிறிஸ்துமஸுக்குப் பீடத்துக்கு வெள்ளைதான் என்பதால் மஞ்சள் பொன் நிறப் பருத்தி நூல் எடுப்பாக இருக்கும். ஜரிகை நூல் இப்போது வேண்டாம், அது பிரிந்து பிரிந்து வேலையை இரட்டிப்பாக்கும்.

தரையில் சம்மணம் போட்டுக் குனிந்து தைக்காதீர்கள். முதுகு சாயும் நாற்காலி, இடுப்புக்குப் பின்னால் ஒரு தலையணை, காலடியில் மணை. எம்பிராய்டரி வளையத்தை வயிற்றில் அணைக்காமல் மேஜையில் ஒரு தலையணை போட்டு அதன்மேல் வையுங்கள். 25 நிமிடத்துக்கு ஒரு தரம் எழுந்து வீட்டுக்குள் நடந்து தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். கர்ப்பத்தில் இரத்தம் எளிதில் உறையும், காலைத் தொங்கப்போட்டு மணிக்கணக்கில் உட்காருவது அதற்கு வழிவிடும். இடுப்புவலி விட்டு விட்டு, சீரான இடைவெளியில் வந்து, வயிறும் கல்லாக இறுகினால் அது உட்கார்ந்த வலியாக இராது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

வாக்கைப் பற்றி: கறவலாடுகளை, அதாவது குட்டிக்குப் பால் கொடுக்கும் ஆடுகளை, மெதுவாய் நடத்துகிற மேய்ப்பரைத்தான் ஏசாயா 40:11 காட்டுகிறது. ஓரம் மடித்துத் தைப்பதைச் சங்கத்தில் மெஷின் வைத்திருக்கும் அக்கா யாரிடமாவது விடுங்கள். டிசைன் மாறியதைச் செயலாளரிடம் இந்த ஞாயிறே சொல்லிவிடுங்கள். கடைசி வாரத்தில் சொல்வதுதான் மற்றவர்களுக்குச் சங்கடம்.

*

குரோஷா போடுகிறேன். எட்டாம் மாதம். இரவில் வலதுகை மரத்துப்போய், உதறினால்தான் உணர்வு வருகிறது. காலையில் கொக்கியைப் பிடிக்க முடியவில்லை. கைவேலையை அடியோடு விட்டுவிட வேண்டுமா? — ஆற்காடு வாசகி

எந்த விரல்கள் என்று கவனியுங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிரவிரலில் பாதி. இவை மரத்து, சுண்டுவிரல் மட்டும் நன்றாக இருந்தால் மணிக்கட்டில் நரம்பு நெரிபடுகிறது. கர்ப்பத்தில் உடம்பில் நீர் கூடுகிறது. மணிக்கட்டிலுள்ள குறுகலான பாதை வழியே போகும் நரம்பை அந்த வீக்கம் அழுத்துகிறது. தூக்கத்தில் கையை மடக்கி வைத்துக்கொள்வதால் இரவில்தான் அதிகம். பெரும்பாலோருக்குப் பிரசவமாகிச் சில வாரங்களில் தானே போய்விடும்.

இரவில் மணிக்கட்டு நேராக நிற்கும்படி பட்டை கட்டிப் படுங்கள். மருந்துக் கடையில் உள்ளே தகடு வைத்த பட்டை கிடைக்கும். அதில் நேராக நிறுத்துவது தகடுதான், வெறும் எலாஸ்டிக் பட்டை இறுக்கத்தைத்தான் கூட்டும். மெல்லிய இரும்புக் கொக்கியை விரல் நுனியால் இறுக்கிப் பிடிப்பதே வலியில் பாதி. கொக்கியின் பிடியில் பருத்தித் துணியைச் சுற்றிப் பேனாவைவிடத் தடிமனாக்கிக்கொள்ளுங்கள். ஒரு சைஸ் பெரிய கொக்கி, தளர்ந்த கண்ணி. 15 நிமிடம் போட்டால் 10 நிமிடம் ஓய்வு. தடித்த நூலும் இறுக்கமான கண்ணியும் கேட்கிற பை, விரிப்பு வேலைகளைப் பிரசவத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். கையை விட்டுப் பொருள் நழுவுகிற அளவுக்குப் போனால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

வலி மாத்திரையை மட்டும் கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்றவை கர்ப்பத்தின் பிற்பகுதியில் குழந்தையின் இதயத்தருகே திறந்திருக்க வேண்டிய இரத்தக்குழாயை முன்கூட்டியே சுருக்கக்கூடும்.

இதைவிட முக்கியமான ஒன்று. கையோடு முகமும் திடீரென்று வீங்கினால், மோதிரம் ஒரே நாளில் கழற்ற வராமல் போனால், தலைவலி மண்டையைப் பிளந்தால், கண் மங்கினால், மேல்வயிறு வலித்தால், கைவேலையால் வந்தது என்று தேற்றிக்கொண்டு படுத்துவிடாதீர்கள். அன்றைக்கே பிரஷர் பார்க்க வேண்டும். 140/90 அல்லது அதற்கு மேல் என்றால் சிறுநீரில் புரதமும் பார்த்துச் சிகிச்சை தொடங்குவார்கள். இரவு என்றாலும் 108-ஐக் கூப்பிடத் தயங்காதீர்கள்.

*

வயிற்றுப்பிள்ளைக்காரி ஊசி நூல் தொட்டால் பிள்ளைக்கு உதடு பிளந்துவிடும் என்கிறார் அத்தை. நாங்கள் மூன்று தலைமுறையாகச் சபையில் இருப்பவர்கள், ஆனாலும் கிரகணத்தன்று என்னைக் கத்திரிக்கோலைத் தொட விடவில்லை. — குடியாத்தம் வாசகி

குழந்தையின் மேலுதடு கர்ப்பத்தின் 4-லிருந்து 7-ஆவது வாரத்துக்குள் கூடிவிடுகிறது. மேலண்ணம் 9-ஆவது வாரத்துக்குள். பல பெண்களுக்குக் கர்ப்பம் என்று உறுதியாகும் முன்பே அந்த வேலை பாதி முடிந்திருக்கும். கூடிவிட்ட உதட்டை எந்த ஊசியும் பிரிக்காது. அத்தையிடம் வாதாட வேண்டாம். அடுத்த செக்கப்புக்கு அவர்களையும் அழைத்துப் போய் நர்ஸம்மா வாயால் சொல்லச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்வார்கள்.

ஊசியால் வரும் உண்மையான ஆபத்து வேறு. பாயிலும் மெத்தையிலும் விழுந்த ஊசி நாளைக்குக் குழந்தையைக் குத்தும். உட்காரும்போது எத்தனை ஊசி என்று எண்ணி எடுங்கள், எழும்போது எண்ணி வையுங்கள். பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்று கிடைத்தால் அதைத் துணியில் கட்டித் தரையில் ஓட்டிப் பாருங்கள். படுக்கையறையில் தைக்காமலிருந்தால் இன்னும் நல்லது.

*

எங்கள் சபையில் வெள்ளிதோறும் உபவாச ஜெபம், மாதக் கடைசியில் முழு இரவு ஜெபம். எனக்கு 35 வாரம், சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறேன். நான் மட்டும் சாப்பிட்டுவிட்டுப் போனால் எல்லோரும் பார்க்கிறார்கள். — ராணிப்பேட்டை வாசகி

இன்சுலின் போடும் நீங்கள் உபவாசம் இருக்கவே கூடாது. ஊசி போட்டுச் சாப்பிடாவிட்டால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். சாப்பிடவில்லையே என்று ஊசியை நீங்களாக நிறுத்தினால் சர்க்கரை ஏறும். இரண்டும் பிள்ளையைப் பாதிக்கும்.

சர்க்கரை இல்லாதவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறோம். கடைசி மூன்று மாதத்தில் குழந்தை இடைவிடாமல் சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. மற்றவர்கள் நெடுநேரம் பட்டினி கிடந்தால் வருகிற நிலை கர்ப்பிணிக்குச் சீக்கிரமே வந்துவிடும். இரத்தச் சர்க்கரை இறங்கி, உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கும். தண்ணீரும் குடிக்காமல் எங்கள் ஊர் வெயிலில் உட்கார்ந்தால் வயிறு இறுகத் தொடங்கும். பகலில் மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் வயிற்றைக் காயப்போடாதீர்கள். உபவாச நாளில் பலர் மாத்திரையையும் விட்டுவிடுகிறார்கள். 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் உள்ள மாத்திரை தினமும் வேண்டும். டீ, காபியோடு போட்டால் சத்து சேராது, எலுமிச்சைச் சாறோடு போடலாம். கால்சியம் மாத்திரைக்கும் இதற்கும் குறைந்தது இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

கத்தோலிக்கத் திருச்சபையில் சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி கடமை. அது 18 வயது நிறைந்தவர்களிலிருந்து 59 வரை உள்ளவர்களுக்கு. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் விலக்கு உண்டு. சி.எஸ்.ஐ. சபைகளில் உபவாசம் அவரவர் மனதின்படிதான். எதையாவது விட்டுக்கொடுக்க விரும்பினால் சீரியலை விடுங்கள், காபியை விடுங்கள். காபியை விட்டால் இரும்புச் சத்தும் நன்றாகச் சேரும்.

முழு இரவு ஜெபத்துக்கு முதல் ஒன்றரை மணி நேரம் போய்விட்டு வீட்டுக்கு வந்து ஒருக்களித்துப் படுங்கள். முழங்கால் படியிடுவதில் தவறில்லை. தலையணை போட்டு, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, எழும்போது மெதுவாக எழுங்கள். நீண்ட பாட்டுக்கெல்லாம் நின்றுகொண்டிருந்தால் இரத்தம் காலில் தங்கித் தலை சுற்றும், உட்கார்ந்தே பாடுங்கள். குழந்தையின் அசைவு குறைந்ததுபோல் தோன்றினால் ஏதாவது சாப்பிட்டு, இடதுபக்கம் படுத்து எண்ணுங்கள். இரண்டு மணி நேரத்தில் 10 அசைவு வராவிட்டால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். இதை ஆயரம்மாவிடம் தனியே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். அவர் முன்னின்று உங்களுக்குச் சாப்பாடு எடுத்துவைத்தால் மற்றவர்கள் பார்ப்பது நின்றுவிடும்.

*

ரெசினில் வசனத் தகடும் சாவிக்கொத்தும் செய்து விற்கிறேன். வீட்டுக்காரர் ஷூ அப்பர் வேலை வீட்டிலேயே செய்கிறார், தோல் துண்டு மிஞ்சுகிறது. அதில் சொல்யூஷன் போட்டு ஒட்டி புக்மார்க் செய்யலாமா? ஆறு மாதம். — ஆம்பூர் வாசகி

ரெசினை இன்றே நிறுத்துங்கள். எபாக்சி ரெசினும் அதில் கலக்கும் ஹார்டனரும் தோலில் பட்டுப் பட்டு ஒரு நாள் ஒவ்வாமையாகத் திரும்பும், வந்துவிட்டால் ஆயுளுக்கும் விடாது. ஊற்றும் நேரத்தில் மட்டுமல்ல, தகடு இறுகி முடியும்வரை, அதாவது ஒன்றிலிருந்து மூன்று நாள்வரை, அது இருக்கும் அறையில் ஆவி இருக்கும். காய்ந்ததைத் தேய்க்கும்போது பறக்கும் தூசியும் கெடுதல். ஜன்னலைத் திறந்துவைத்தால் போதும் என்பது கர்ப்பிணிக்குப் பொருந்தாது.

சொல்யூஷனும் அப்படியே. இந்தப் பசைகள் பலவற்றில் டொலுயீன் போன்ற கரைப்பான்கள் உண்டு. மூச்சில் ஏறி நச்சுக்கொடி வழியே குழந்தைக்கும் போகும். நீங்கள் தொடாவிட்டாலும் அவர் அதே அறையில் ஒட்டினால் நீங்களும் சுவாசிக்கிறீர்கள். பசை வேலையை வெளித் திண்ணைக்கோ மொட்டை மாடிக்கோ மாற்றச் சொல்லுங்கள். வேலைச் சட்டையை வெளியிலேயே கழற்றட்டும்.

தோல் புக்மார்க்கைப் பசையே இல்லாமல் செய்யலாம். ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள தோலில் 7 அங்குல நீளம், ஒன்றரை அங்குல அகலம் வெட்டுங்கள். பின்பக்கத்துக்கு ஓரம் மடித்த காட்டன் துணி அதே அளவு. அந்தத் துணியில் 'சங். 23:1' என்று வசனக் குறிப்பை மட்டும் பின்தையலில் போடுங்கள், முழு வசனம் போட்டால் எழுத்து சின்னதாகித் தமிழ்ச் சுழிகள் அடைத்துக்கொள்ளும். நீளப் பக்கம் இரண்டிலும் ஓரத்திலிருந்து 3 மில்லிமீட்டர் உள்ளே கோடு இழுத்து, 4 மில்லிமீட்டருக்கு ஒன்றாகப் புள்ளி வையுங்கள். முள்கரண்டியை அழுத்தினால் இடைவெளி சீராக வரும், அந்தக் கரண்டியைப் பிறகு சமையலறைக்குக் கொண்டுபோக வேண்டாம். குத்தூசியால் துளை போடுவதை வீட்டுக்காரர் செய்யட்டும், அதற்கு வயிற்றை மேஜையில் அழுத்த வேண்டியிருக்கும். பிறகு ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிராகப் போக வேண்டும். நூல் தைக்கும் நீளத்தைப்போல் நான்கு மடங்கு, ஒரு பக்கத்துக்கு 28 அங்குலம், முடிக்க இன்னும் கொஞ்சம் சேர்த்து. தேன்மெழுகில் இரண்டு தரம் இழுத்தால் நூல் நாராகாது. இந்தத் தையலில் ஒரு இடத்தில் நூல் அறுந்தாலும் மற்றது பிரியாது. மெஷின் தையலுக்கு அந்தக் குணம் கிடையாது.

*

பிறக்கப்போகும் பிள்ளையின் ஞானஸ்நான உடையை நானே தைக்க ஆசை. மூன்று மாதத்தில் ஞானஸ்நானம் என்று சபை ஐயர் சொல்லியிருக்கிறார். பிள்ளையைப் பார்க்காமல் அளவு எப்படி? — வாலாஜாபேட்டை வாசகி

மூன்று மாதப் பிள்ளைக்கு மார்பளவு சுமார் 41 சென்டிமீட்டர், தலைச் சுற்று 40. உடையின் மார்பு 52, தோளிலிருந்து அடிவரை 65, கைத்துளை ஆழம் 11, கழுத்துச் சுற்று 26. பின்பக்கம் 15 சென்டிமீட்டர் திறப்பு. திறப்பு குறைந்தால் தலை நுழையாது, ஆராதனை நடுவே பிள்ளை வீறிடும். பாவாடைப் பாகத்துக்கு 55 அகலத்தில் இரண்டு துண்டு, சுருக்கினால் இரட்டிப்புச் சுருக்கம் வரும். அடியில் 8 சென்டிமீட்டர் மடிப்பு விடுங்கள், ஆனால் இப்போது தைக்காமல் இழையோட்டி மட்டும் வையுங்கள். பிள்ளையைப் பார்த்த பிறகு நீளத்தை நிச்சயித்து அன்றைக்குத் தைத்தால் போதும். அன்னாளும் சாமுவேலுக்கு வருஷத்துக்கு ஒரு சின்னச் சட்டையாகத்தான் தைத்துக்கொண்டு போனாள் (1 சாமுவேல் 2:19).

36 அங்குல அகல மல் துணி ஒன்றே முக்கால் மீட்டர். வெட்டும் முன் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட வேண்டும். இதைச் செய்யாமல் தைத்த உடை முதல் துவைப்பிலேயே சுருங்கிக் கழுத்தைப் பிடிக்கும். பிசிறு பிள்ளையின் தோலில் படக்கூடாது. முதலில் துணியின் உள்பக்கம் இரண்டையும் ஒட்டி வைத்து 5 மில்லிமீட்டரில் தைத்து, பிசிறை வெட்டி, புரட்டி, மறுபடி 7 மில்லிமீட்டரில் தையுங்கள். பிசிறு உள்ளுக்குள் அடைபட்டுவிடும். தையலுக்கு விடும் துணி 12 மில்லிமீட்டர். கழுத்தில் நைலான் லேஸ் வேண்டாம், அரை மணியில் சிவந்துவிடும். கழுத்தைச் சுற்றிக் கட்டும் நாடாவும் வேண்டாம். பின்பக்கம் தட்டையான இரண்டு பட்டன், இழுத்துப் பார்த்து உறுதி செய்தவை. மணியும் முத்தும் வாயில் போகும் பொருட்கள்.

குரோஷா காலுறையும் சேர்த்துப் போடுவீர்கள் என்று தெரியும். பாதம் 9லிருந்து ஒன்பதரை சென்டிமீட்டர். எங்கள் ஊருக்குக் கம்பளி நூல் வேண்டாம், பருத்தி போதும். போடும் முன் ஒவ்வொரு முறையும் உள்பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். தொங்கும் நூலோ, உங்கள் தலைமுடி ஒன்றோ பிள்ளையின் கால்விரலைச் சுற்றிக்கொண்டால் இரத்த ஓட்டம் நின்றுவிடும். பிள்ளை காரணம் தெரியாமல் அழும், காலுறைக்குள் இருப்பது யாருக்கும் தெரியாது. விரல் வீங்கிச் சிவந்திருந்தால் நூல் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரி.

தைத்ததைக் கஞ்சி போட்டு வைக்காதீர்கள், பூச்சி வரும், வெள்ளை மஞ்சளாகும். அந்துருண்டை போடவே கூடாது. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஒரு என்சைம் குறைவாக இருக்கும். அந்துருண்டை வாசம் பட்ட துணியே அவர்களின் இரத்த அணுக்களைச் சிதைத்து, கடுமையான மஞ்சள்காமாலையைக் கொண்டுவரும். பீரோவில் வேறு துணிகளுக்குப் போட்டிருந்தால் பிள்ளையின் துணி அந்தப் பீரோவிலேயே வேண்டாம். உலர்ந்த வேப்பிலையைத் துணியில் கட்டி வையுங்கள். போடும் நாளுக்கு முன் துவைத்து வெயிலில் காயவைத்தால் போதும்.

*

39 வயதில் முதல் கர்ப்பம். வயதான எலிசபெத்துக்குப் பிள்ளை கொடுத்தவர் எனக்கும் கொடுத்தார். எங்கள் ஜெபக்குழுவில் ஸ்கேனும் சர்க்கரைப் பரிசோதனையும் அவிசுவாசம் என்கிறார்கள். — சோளிங்கர் வாசகி

உங்கள் மகிழ்ச்சியில் நாங்களும் சேர்ந்துகொள்கிறோம். ஆனால் அந்த ஆலோசனையைக் கேட்காதீர்கள். திண்டிவனத்தில் ஒரே இரவில் பிரசவ வேதனையிலிருந்த மூன்று பெண்கள், பார்க்கப் பெண் மருத்துவர் இல்லாததால் இறந்தார்கள். அதைக் கண்ட, அமெரிக்க மிஷனெரி ஒருவரின் மகளான ஐடா ஸ்கடர் அதை ஆண்டவரின் அழைப்பாக எடுத்துக்கொண்டு, மருத்துவம் படித்து, 1900-இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு வைத்தியம் தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் தொடங்கினார். நம் பகுதியில் ஜெபமும் பிரசவ ஆஸ்பத்திரியும் ஒன்றாகவே வளர்ந்தவை.

35 தாண்டினால் பிரஷர், சர்க்கரை இரண்டுக்கும் வாய்ப்புக் கூடும். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் அளவு 140-ஐ எட்டினால் சர்க்கரை இருக்கிறது என்று கொள்வார்கள். பெரும்பாலும் சாப்பாட்டு முறையிலேயே கட்டுக்குள் வந்துவிடும். பார்க்காமல் விட்டால் பிள்ளை அளவுக்கு மீறிப் பெருத்துப் பிரசவம் சிக்கலாகும். எலிசபெத்துகூட ஐந்து மாதம் வீட்டோடு ஒதுங்கியிருந்தாள், பிறகு மரியாள் ஏறக்குறைய மூன்று மாதம் அவளோடு தங்கினாள் (லூக்கா 1). உங்களுக்கும் கடைசி மாதங்களில் கூட இருக்க ஒருவரை இப்போதே பேசி வையுங்கள்.

*

சிசேரியனாகி ஐந்து வாரம். பிள்ளை நன்றாக இருக்கிறது. எனக்குத்தான் காரணமில்லாமல் அழுகை, பிள்ளை தூங்கினாலும் தூக்கம் வரவில்லை, வேதத்தைத் திறந்தால் எழுத்து ஓடுகிறது, ஆசையாகப் போட்ட எம்பிராய்டரியைத் தொடப் பிடிக்கவில்லை. விசுவாசம் குறைந்துவிட்டதா? — சத்துவாச்சாரி வாசகி

இல்லை, சகோதரி. பிரசவமான மூன்றாம் நான்காம் நாளில் வரும் அழுகை பலருக்கும் உண்டு, இரண்டு வாரத்தில் போய்விடும். ஐந்து வாரமாகியும் இருந்தால், தூக்கமும் பிடித்த வேலையில் ஆசையும் போயிருந்தால், அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். சிகிச்சையில் குணமாகும். பாலூட்டிக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்துகளும் உண்டு. பாகாயத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) மனநல மையம் இருக்கிறது, அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. வெளியே போக முடியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். இந்த வாரமே செய்யுங்கள். உங்களையோ பிள்ளையையோ ஏதாவது செய்துகொள்ளத் தோன்றினால் ஒரு நிமிடமும் தனியாக இராமல் வீட்டில் சொல்லி அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எலியா சூரைச்செடியின் கீழ் படுத்துச் சாக விரும்பியபோது தேவதூதன் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. சாப்பிடச் சொன்னான், தூங்கவிட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான் (1 இராஜாக்கள் 19). வேதத்தை ஒரு அதிகாரம் வாசித்தே தீர வேண்டும் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். பால் கொடுக்கும்போது மனப்பாடமாகத் தெரிந்த ஒரு சங்கீதம், அதுவும் வராவிட்டால் கூட இருப்பவர் வாசிக்க நீங்கள் கேட்டால் போதும்.

கைவேலைக்கு அவசரமில்லை. காலால் மிதித்து ஓட்டும் தையல் மெஷினை ஆறிலிருந்து எட்டு வாரம்வரை தொடாதீர்கள், தையல் போட்ட வயிற்றுத் தசை இழுபடும். பிள்ளையைவிடக் கனமான எதையும் தூக்காதீர்கள். ஆசை திரும்பும்போது தேதியில்லாத சின்ன வேலை ஒன்று, ஒரு கைக்குட்டை மூலையில் நாலு பூ என்று தொடங்கலாம். பால் கொடுக்கும் கட்டிலில் ஊசி வேண்டாம்.

இந்தப் பகுதியை வீட்டுக்காரரிடம் காட்டுங்கள். இரவில் உங்களுக்குச் சேர்ந்தாற்போல் நாலைந்து மணி நேரத் தூக்கம் கிடைப்பது மருந்தைப்போல் முக்கியம். துணி மாற்றுவது, ஏப்பம் விடவைப்பது, தாலாட்டுவது எல்லாம் அவரும் அம்மாவும் பார்த்துக்கொள்ளட்டும். பால் கொடுக்க மட்டும் உங்களை எழுப்பட்டும். ஒரு வேளைப் பாலைப் பீய்ச்சி வைத்துப் பாலாடையில் கொடுக்க நர்ஸம்மாவிடம் கேட்டுக் கற்றுக்கொண்டால் அந்த ஒரு தரமும் எழ வேண்டியிராது. எம்பிராய்டரி ஆர்டர் கேட்டு வரும் போனை இந்த மாதம் அவரே எடுத்துப் பேசட்டும்.